தம்பி கம்பஸ் போய் ஒன்பது கிழமை, இப்ப போனே எடுக்கிறானில்லை. ஆரோட கதைக்கிறது?

மல்லாவி_அக்கா – ஞாயிறு, இரவு 10:20

வணக்கம் எல்லாருக்கும். நான் இஞ்ச வாசிக்கிற ஆள்தான், எழுதிறது இதுதான் முதல்தரம், பிழை இருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ர தம்பிக்கு இந்தமுறை இஞ்சினியரிங் கிடைச்சு தெற்குப் பக்கம் ஒரு கம்பஸுக்குப் போயிருக்கிறான், எந்தக் கம்பஸ் எண்டு சொல்லேல்ல. எங்கட பள்ளிக்கூடத்தில இருந்து கன வருசத்துக்குப் பிறகு இஞ்சினியரிங் போன பெடியன், போகேக்க அயலட்டையெல்லாம் வந்து நிண்டவை, அம்மா கொழுக்கட்டை அவிச்சு எல்லா வீட்டுக்கும் குடுத்தவ.

முதல் மூண்டு கிழமை ஒவ்வொரு நாளும் பின்னேரம் எடுத்துக் கதைப்பான். இப்ப நாங்கள் எடுத்தாலும் எடுக்கிறானில்லை, "லெக்சரில நிக்கிறன்" எண்டு ஒரு மெசேஜ் வரும், அதுவும் இரவு பதினொரு மணிக்கு, அந்த நேரம் என்ன லெக்சர். போன கிழமை அவன்ர ரூமில இருக்கிற மட்டக்களப்புப் பெடியன் எனக்கு வட்சப்பில எழுதினவன், அக்கா குறை நினைக்காதேங்கோ இவன் லெக்சருக்கு வாறதே குறைவு, ஒருநேரம்தான் சாப்பிடுறான், கேட்டா நித்திரை வருது எண்டுறான் எண்டு. எனக்குக் கை கால் எல்லாம் விறைச்சுப்போச்சு.

எங்கட அப்பா 2009 இல, அப்ப தம்பிக்கு நாலு வயசு. அம்மா தையல் தைச்சுத்தான் ரெண்டு பேரையும் வளத்தவ. அம்மாவுக்கு நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்ல. கம்பஸுக்குப் போன் அடிச்சு ஆரிட்டயும் சொல்லலாமோ, சொன்னா அது சீனியர்மாருக்குத் தெரிஞ்சு இவனுக்கு இன்னும் கரைச்சலாகுமோ, பகிடிவதையா இருக்குமோ எண்டெல்லாம் யோசிச்சு யோசிச்சு நித்திரை இல்லை. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

பம்பைமடு_மூண்டாம்வருசம் – ஞாயிறு, இரவு 11:05

அக்கா, முதல்ல அந்த மட்டக்களப்புப் பெடியனுக்கு ஒரு நன்றி சொல்லுங்கோ, எழுதாமலும் விட்டிருக்கலாம், அவன்தான் இப்ப உங்கட தம்பிக்குக் கிட்ட நிக்கிற ஆள். அவனை விட்டுடாதேங்கோ.

நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில படிக்கிறன், சொந்த இடம் நெடுங்கேணிப் பக்கம். வீட்டில இருந்து பஸ்ஸில போற தூரத்தில படிக்கிற எனக்கே முதலாம் வருசம் அப்பிடித்தான் இருந்தது, அவ்வளவு தூரம் போன பெடியனுக்குக் கேக்கவே வேண்டாம். ஏஎல் வரைக்கும் தமிழில படிச்சுப்போட்டு திடீரெண்டு ஒரு மணித்தியாலம் முழுக்க இங்கிலிசில ஒருத்தர் கதைச்சுக்கொண்டு ஸ்லைட்டை மாத்திக்கொண்டு போவார், பக்கத்தில இருக்கிறவன் தலையாட்டுவான், உங்களுக்கு ஒண்டும் விளங்காது, எல்லாருக்கும் விளங்குது எனக்கு மட்டும்தான் விளங்கேல்ல எண்டு நினைச்சுக்கொண்டு வெளிய வருவீங்கள். உண்மை என்னெண்டா தலையாட்டினவனுக்கும் விளங்கியிருக்காது. அது எனக்குத் தெரியவே ஒரு செமிஸ்டர் எடுத்தது.

எங்கட பட்ச்சில குருநாகல், மாத்தறையில இருந்து வந்த சிங்களப் பிள்ளையளும் நிறைய. பம்பைமடுவில மன்னார் ரோட்டில பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிண்டு அழுத ஒரு பிள்ளையை நான் கண்டிருக்கிறன், அவவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை, ரெண்டு பேரும் உடைஞ்ச இங்கிலிசில கதைச்சு இப்ப அவதான் என்ர நல்ல சினேகிதி. உங்கட தம்பி அங்க படுற பாட்டை இஞ்ச அவை படுகினம்.

இப்ப விசயத்துக்கு வாறன். எந்தக் கம்பஸிலயும் ஒவ்வொரு பீடத்திலயும் மாணவர் ஆலோசகர் எண்டு சில லெக்சரர்மார் இருப்பினம், அவைக்கு மேல சிரேஷ்ட மாணவர் ஆலோசகர் ஒராள். பேர், போன் நம்பர், ஒஃபீஸ் எல்லாம் முதல் கிழமை குடுக்கிற கையேட்டில இருக்கும், கம்பஸ் வெப்சைட்டிலயும் கிடக்கும். ஹொஸ்டலில வார்டன், சப் வார்டன். கம்பஸுக்குள்ளயே ஒரு வைத்திய நிலையம் இருக்கும், டொக்டரிட்டப் போக காசில்லை. காசுப் பிரச்சினை எண்டா மாணவர் நலன் பிரிவு. இங்கிலிஸ் எண்டா அதுக்கு ஆங்கில மொழி கற்பித்தல் அலகு எண்டு தனி இடம். கதவுகள் இவ்வளவும் இருக்குது. ஆனா முதலாம் வருசப் பிள்ளைக்கு எது எதுக்கான கதவு எண்டு தெரியாது. அதோட தட்டினா என்ன சொல்லுறது எண்டும் தெரியாது.

பழைய_கச்சேரி – திங்கள், காலை 6:40

எனக்கு இதில ஒரு கருத்து இருக்கு, ஆரும் குறை விளங்கக்கூடாது. நாங்கள் படிச்ச காலத்தில கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கில படிச்சு, பங்கருக்குள்ள இருந்து பாஸ்பேப்பர் செய்து, வெளிய போறதுக்குப் பாஸ் எடுத்துத் தாண்டிக்குளம் சோதனைச் சாவடி தாண்டிப் போய்ப் படிச்சனாங்கள். எங்களுக்கு ஆரும் ஆலோசகர் இருக்கேல்ல. பிள்ளையளைக் கூடப் பொத்திப் பொத்தி வளக்கிறதாலதான் இப்பிடி. கொஞ்சம் தனிய விட்டால் தானா வருவான். உதவி கேக்கப் பழக்கினா பிறகு எல்லாத்துக்கும் கையேந்திக்கொண்டு நிப்பினம்.

குளக்கட்டு – திங்கள், காலை 8:15

ஐயா, உங்களோட சண்டை பிடிக்க வரேல்ல. ஆனா "தானா வருவான்" எண்டதுக்கு மட்டும் பதில் சொல்லோணும், ஏனெண்டா நான் வராத ஆள்.

2014 இல எனக்குக் கம்பஸ் கிடைச்சது. கிளிநொச்சி மாவட்டம். மாவட்டத்துக்கெண்டு தனியா வைக்கிற வெட்டுப்புள்ளியில போனனான். போன முதல் கிழமையே ஒருத்தன் கேட்டான் உன்ர இசற் ஸ்கோர் (கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற ஏஎல் புள்ளி) என்னெண்டு, சொன்னன், "ஓ கோட்டாவோ" எண்டு சிரிச்சான். அந்தச் சிரிப்பை நான் ஒரு வருசம் காவினனான். இப்ப யோசிக்கேக்க விளங்குது, கலைப்பிரிவைத் தவிர்த்து பெரும்பாலான பாடநெறியளுக்கு எல்லா மாவட்டத்துக்கும் ஒரே கணக்குத்தான், 40 வீதம் முழு இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டங்களுக்கு. எங்கட கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அந்த 16 க்குள்ள இருக்கு, அம்பாந்தோட்டையும் மொனராகலையும் அனுராதபுரமும்தான் இருக்கு. அந்த 55 வீதத்தில சிரிச்சவனும் வந்திருப்பான். ஆனா இருபது வயசில இதை ஆர் சொல்லித் தந்தது? எனக்கு விளங்கினது, நான் இஞ்ச இருக்கத் தகுதியில்லாத ஆள், கள்ளமா உள்ள வந்திட்டன், கேள்வி கேட்டா பிடிபட்டிடுவன் எண்டுதான். அதால ஒரு கேள்வியும் கேக்கேல்ல. விளங்காததை விளங்கேல்ல எண்டு சொல்லேல்ல. ரியூட்டோரியல் குடுக்கேல்ல. பிறகு குடுக்காததால லெக்சருக்குப் போக வெக்கம். போகாததால வரவு காணாது. வரவு காணாட்டி எக்சாம் எழுத விடாயினம். ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, பத்துப் பதினொரு கிழமைக்குள்ள முடிஞ்சுது.

வீட்ட எடுத்தா "நல்லாப் போகுது அம்மா" எண்டுதான் சொல்லுவன். ஆடு வித்த காசு அனுப்புற மனிசியிட்ட வேற என்னத்தைச் சொல்லுறது. செமிஸ்டர் எக்சாம் அண்டு பஸ் ஏறி வீட்ட வந்திட்டன். ஆருக்கும் சொல்லேல்ல, கடிதம் குடுக்கேல்ல, மெடிக்கல் போடேல்ல. பிறகு ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும், ஒரு கடிதமும் வைத்திய சான்றிதழும் நேரத்துக்குக் குடுத்திருந்தா அந்த எக்சாமைப் பிறகு எழுதியிருக்கலாம், ஒரு வருசம் நிறுத்தி வைக்கக்கூடக் கேட்டிருக்கலாம் எண்டு. இப்ப பரந்தனில கடை வைச்சிருக்கிறன், கலியாணம் முடிச்சிட்டன், குறையெண்டு சொல்ல ஒண்டுமில்லை. ஆனா ஏ9 ரோட்டில கம்பஸ் இருக்கிற அறிவியல்நகரைத் தாண்டிப் போகேக்க அந்தப் பிள்ளையளைப் பாத்தா இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள ஒண்டு இழுக்கும்.

ஐயா, நீங்கள் பங்கருக்குள்ள இருந்து படிக்கேக்க உங்களோட பத்துப்பேர் இருந்தவை. ஒரே விளக்கு, எல்லாரும் சுத்தி இருந்து படிச்சது. அந்தப் பெடியன் இப்ப ஹொஸ்டல் ரூமில தனிய இருக்கிறான்.

பழைய_கச்சேரி – திங்கள், காலை 9:30

தம்பி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். ஒரே விளக்கு எண்டது உண்மைதான். எங்களுக்குப் படிப்பிச்ச ஒரு அண்ணை இருந்தவர், அவர் இல்லாட்டி நானும் இல்லை. நான் அதை உதவி எண்டு நினைச்சுப் பாக்கேல்ல. பிள்ளை, மல்லாவி, நீங்கள் போன் எடுங்கோ, தனிய விடவேண்டாம்.

ஒட்டுசுட்டான்_ரீச்சர் – திங்கள், மாலை 4:10

பள்ளிக்கூடம் விட்டு வந்து இப்பதான் பாத்தன். இதில எங்கட பிழையும் இருக்கு. வன்னியில ஒரு பிள்ளை கம்பஸ் எடுத்தா படத்தைப் பெருசா அடிச்சு கேற்றில கட்டுறம், மாலை போடுறம், "எங்கட பெருமை" எண்டுறம். கம்பஸில பெயில் விடுற ஆக்களும் இருக்கினம், ரிப்பீட் எழுதிப் பாஸ் பண்ணி டிகிரியோட வாற ஆக்களும் இருக்கினம் எண்டு ஒருநாளும் சொல்லுறேல்ல. பனர் கட்டின பிள்ளை எப்பிடி எடுத்துச் சொல்லும், ரீச்சர் எனக்கு ஏலாமல் கிடக்கு எண்டு. போன வருசத்தில இருந்து நான் செய்யிறது, எங்களிட்ட இருந்து போற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறாவது கிழமை நானா போன் எடுக்கிறன். "எப்பிடிப் போகுது" எண்டு கேக்கிறேல்ல, கேட்டா "நல்லம் ரீச்சர்" எண்டுதான் வரும். "எந்தப் பாடம் விளங்கேல்ல, இண்டைக்கு என்ன சாப்பிட்டனீ, காசு எவ்வளவு மிச்சம் இருக்கு" எண்டு கேப்பன். இந்த மூண்டுக்கும் பொய் சொல்லுறது கஸ்டம்.

அக்காவுக்கு: தம்பிக்கு "ஏன் போன் எடுக்கிறேல்ல" எண்டு எழுதாதேங்கோ. "அம்மாக்கு இன்னும் ஒண்டும் தெரியாது, எனக்கு மட்டும் சொல்லு, மாக்ஸைப் பற்றி நான் கேக்க மாட்டன்" எண்டு எழுதிப் பாருங்கோ.

வெள்ளைப்பலகை – திங்கள், இரவு 8:50

நான் வடக்கில ஒரு பீடத்தில விரிவுரையாளர், ரெண்டு வருசம் மாணவர் ஆலோசகராவும் இருந்தனான். சில விசயம் நேர சொல்லுறன்.

நீங்கள் கம்பஸுக்குப் போன் எடுக்கிறதில பிழையில்லை. ஆனா பொது நம்பருக்கு எடுத்து ஆர் எடுக்கினமோ அவைக்கு முழுக்கதையும் சொல்லாதேங்கோ. அந்தப் பீடத்து மாணவர் ஆலோசகரில தமிழ் கதைக்கிற ஒராள் இருந்தா அவரைக் கேளுங்கோ, இல்லாட்டி அந்தப் பீடத்தில தமிழ் தெரிஞ்ச ஒரு லெக்சரரை சீனியர்மாரே காட்டுவினம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இன்னாரின்ர அக்கா, முதலாம் வருசம், லெக்சருக்கு வாறது குறைஞ்சிட்டுது, சாப்பாடு குறைவு, நீங்கள் அவனை ஒருக்காக் கூப்பிட்டுக் கதைக்க ஏலுமோ, நான் சொன்னது எண்டு இப்பத்தைக்குத் தெரியவேண்டாம். இப்பிடி வந்த போன் கோல் எனக்கு வந்திருக்குது. ஒருநாளும் அதை நான் கரைச்சலா நினைக்கேல்ல. வராமப்போன போன் கோலுகளைத்தான் நினைக்கிறன்.

ஒரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்லோணும். மாணவர் ஆலோசகர் எண்டா உளவளத்துணை படிச்ச ஆள் எண்டில்லை, நாங்கள் கணிதமோ விவசாயமோ படிப்பிக்கிற ஆக்கள். வரவு, எக்சாம், காசு, ஹொஸ்டல், பகிடிவதை இதுகளுக்கு எங்களால வழி காட்டலாம். மனசு உடைஞ்சு, நித்திரை சாப்பாடு குழம்பி இருக்கிற பிள்ளையை நாங்கள் டொக்டரிட்டத்தான் அனுப்போணும். கம்பஸ் டொக்டர் கடிதம் தந்தா அரசாங்க ஆசுப்பத்திரி மனநலப் பிரிவில பாப்பினம், அதுக்குக் காசில்லை. டொக்டரிட்ட இப்பவே போறதில இன்னொரு நன்மை, எக்சாமுக்குப் பிறகு ஓடித்திரிஞ்சு மெடிக்கல் எடுத்தா ஏற்கிறது கஸ்டம், நேரத்துக்குக் காட்டின பதிவு இருந்தா கதையே வேற. இரவில ஏலாமல் வந்தா 1926, தேசிய மனநல நிறுவனத்தின்ர நம்பர், 24 மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழிலயும் கதைக்கலாம். சாகப்போறன் எண்ட மாதிரி ஏதும் கதைச்சா காலமை வரை காத்திருக்க வேண்டாம், ரூமில இருக்கிற பெடியனுக்கும் சப் வார்டனுக்கும் அந்த நிமிசமே சொல்லுங்கோ.

பகிடிவதையா இருந்தா, அது "பகிடி" இல்லை, குற்றம். 1997 இல பேராதனை இஞ்சினியரிங்கில ஒரு தமிழ்ப் பெடியன் பகிடிவதையால செத்தவன், அடுத்த வருசம் 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ரெண்டு வருசம் வரைக்கும் கடூழியச் சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ எண்டா பத்து வருசம் வரைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கே நேர முறைப்பாடு போடலாம், அதுக்கு வெப்சைட்டில இடம் இருக்கு.

பம்பைமடு_மூண்டாம்வருசம் – திங்கள், இரவு 9:25

சேர் சொன்னதோட ஒண்டு சேக்கிறன். ஆலோசகரின்ர ஒஃபீஸ் வாசல் வரைக்கும் போய் மூண்டுதரம் திரும்பி வந்தவள் நான். எங்களுக்குப் படிப்பிக்கிற ஆள், எங்கட பேப்பரைத் திருத்திற ஆள், அவரிட்ட எப்பிடி எனக்கு விளங்கேல்ல எண்டு சொல்லுறது எண்ட பயம். நாலாவது தரம் என்ர ரூம் அக்கா ஒராள் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய், "சேர், இவ கொஞ்சம் கதைக்கோணுமாம்" எண்டு அவவே முதல் வசனத்தைச் சொல்லிப்போட்டு வெளிய வந்து வாங்கில இருந்தவ, நான் முடிச்சு வரும்வரைக்கும். அந்த ஒரு வசனத்தைத்தான் எனக்குச் சொல்ல ஏலாமல் இருந்தது, மிச்சமெல்லாம் தானா வந்தது.

அதால அக்கா, தம்பிக்கு நம்பர் அனுப்பி "போய்க் கதை" எண்டு சொல்லாதேங்கோ, போகமாட்டான். அந்த மட்டக்களப்புப் பெடியனை "நீ கூடப் போறியோ" எண்டு கேளுங்கோ. பிறகு குப்பி நடக்குதோ எண்டும் கேக்கச் சொல்லுங்கோ, சீனியர்மார் பின்னேரத்தில எக்சாமுக்கு முதல் படிப்பிக்கிறது. தமிழில குப்பி எடுக்கிற ஒரு அண்ணை எந்தக் கம்பஸிலயும் இருப்பார்.

மல்லாவி_அக்கா – வியாழன், இரவு 10:45

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுத ஏலேல்ல. ரீச்சர் சொன்ன மாதிரி எழுதினன். ரெண்டு நாள் பதில் இல்லை. நேற்று இரவு பன்னிரண்டரைக்கு அவனாவே எடுத்தவன். முதல் பத்து நிமிசம் அழுகை மட்டும்தான், நான் ஒண்டும் கேக்கேல்ல, போனைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

பகிடிவதை இல்லையாம். கணிதப் பாடத்தில முதல் குயிஸுக்கு நூறுக்குப் பதினெட்டாம். ஏஎல்லில அவனுக்கு ஏ. அதோட லப்டொப் இல்லை. எல்லாரும் லப்டொப்பில செய்யிற அசைன்மென்டை இவன் போனில செய்யப் பாத்திருக்கிறான், அந்த சொவ்ட்வெயார் போனில வராது. எங்களிட்டக் கேட்டா அம்மா சங்கிலியை அடகு வைப்பா எண்டு தெரிஞ்சு, சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிச்சு லப்டொப் எடுப்பம் எண்டு ஒருநேரம் சாப்பிட்டவனாம். எனக்கு அதைக் கேக்க ஏலேல்ல.

இண்டைக்கு மத்தியானம் அந்தப் பெடியன் இவனைக் கூட்டிக்கொண்டு போய் அவையின்ர பீடத்துத் தமிழ் லெக்சரர் ஒராளோட கதைச்சவையாம். கம்பியூட்டர் லாப் பின்னேரத்திலயும் திறந்திருக்குமாம், அது இவனுக்கு ஒன்பது கிழமையாத் தெரியாது. நாளைக்கு டொக்டரிட்டயும் போறதா சொன்னவன், போவான் எண்டு நம்புறன், முழுக்க நம்பவும் பயமாக் கிடக்கு. அம்மாவுக்கு லப்டொப் கதையை மட்டும் சொன்னன்.

மகாபொல புலமைப்பரிசில் பட்டியலில இவன்ர பேர் இல்லையாம். பேசரி எண்ட மற்ற உதவிப்பணத்துக்கு என்ன செய்யோணும்?

குளக்கட்டு – வியாழன், இரவு 11:00

தங்கச்சி, பதினெட்டு எடுத்திட்டு போன் எடுத்துச் சொன்ன பெடியன் என்னைவிடக் கெட்டிக்காரன், அதை அவனிட்டச் சொல்லுங்கோ. லப்டொப் விசயமா எனக்கு உள்பெட்டியில எழுதுங்கோ, பரந்தனில பழசு திருத்தி விக்கிற ஒராளைத் தெரியும், விலையை நான் கதைக்கிறன்.

வெள்ளைப்பலகை – வெள்ளி, காலை 7:15

மகாபொல கிடைக்காத ஆக்களுக்குத்தான் பேசரி. அது கம்பஸ் மாணவர் நலன் பிரிவால குடுக்கிறது, வீட்டு வருமானம், தூரம் எல்லாம் பாப்பினம். ஃபோமை அங்க எடுத்து ஜிஎஸ் (கிராம சேவகர்) வருமானத்தை உறுதிப்படுத்தி பிரதேச செயலகத்தில ஒப்பம் வாங்கோணும். கடைசித் திகதியை இண்டைக்கே கேக்கச் சொல்லுங்கோ, அது தாண்டினா கஸ்டம்.

மல்லாவி_அக்கா – வெள்ளி, காலை 7:40

நாளைக்கு ஜிஎஸ்ஸட்டப் போறன் சேர். ஒரு விசயம் ஆரும் தெரிஞ்சவை சொல்லுங்கோ. ஃபோமில அப்பாவின்ர தொழில், வருமானம் எண்டு கேட்டிருக்கு. அம்மா இவ்வளவு காலமும் மரணச் சான்றிதழ் எடுக்க விடேல்ல. நான் அதில என்னெண்டு எழுதிறது?

பம்பைமடு_மூண்டாம்வருசம் – வெள்ளி, காலை 8:05

அக்கா, எங்கட வீட்டிலயும் இதேதான். மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத ஆக்களுக்கு 2016 இல வந்த சட்டத் திருத்தத்தோட, ஆள் காணாமல் போனவர் எண்டு தனியா ஒரு சான்றிதழ் குடுக்கினம், எங்கட அம்மா அதுக்குத்தான் சம்மதிச்சவ. அது எடுக்க நாள் போகும், அதுக்குக் காத்திருக்க வேண்டாம். நான் அந்தக் கட்டத்தில "2009 இலிருந்து காணாமல் போயுள்ளார், குடும்ப வருமானம் தாயாருடையது மட்டும்" எண்டு எழுதி, ஜிஎஸ்ஸிட்ட அதையே கடிதமாவும் வாங்கி இணைச்சனான். ஏற்றவை. தம்பியை அந்தக் கட்டத்தைத் தனிய நிரப்ப விடாதேங்கோ, நீங்களே வீட்டில இருந்து எழுதி அனுப்புங்கோ.